பிரேக் அண்ணனும் அட்ஜஸ்ட் என்ற சொல்லும்

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் சண்டைக்கு வருவார். கொடைக்கானலில் வேன் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் அவர் பிரேக் அண்ணன். செண்பகனூர் தாண்டி ரோடு சரியத் தொடங்கும் இடத்தில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட் வைத்திருந்தார். இன்ஜின் பார்க்க மாட்டார், பெயின்ட் அடிக்க மாட்டார், ஏ.சி.க்கு கேஸ் நிரப்ப மாட்டார். பிரேக் மட்டும்தான். "வண்டி ஓடலைன்னா ஒண்ணும் கெட்டுப்போகல. நிக்கலைன்னாத்தான் சோலி முடிஞ்சிரும்" என்பார்.

அவரை எனக்குப் பழக்கமாக்கியது ஒரு இங்கிலீஷ் சொல். அப்போது நான் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலையில் இருந்தேன். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் அந்தச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருப்பேன். இரண்டு ரூம் கேட்டீர்கள், ஒன்றுதான் இருக்கிறது, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. வெந்நீர் ஏழு மணிக்கு மேல் வராது, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. பன்னிரண்டு சீட் வேன்தான், பிள்ளைகளை மடியில் வைத்து அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. மறுமுனையில் இருப்பவர் பெருமூச்சு விடுவது கேட்கும். கடைசியில் சரி என்பார். இதையே "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். தப்பு எங்கள் மேல் இருக்கிறது என்று நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அட்ஜஸ்ட் என்று சொல்லிவிட்டால் தப்பு யார் மேலும் இல்லை. அதற்காகவே அந்தச் சொல்லை நாம் இரவல் வாங்கி வைத்திருக்கிறோம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

முதல் தடவை அவர் ஷெட்டுக்கு என்னை அனுப்பியது முதலாளி. அவருடைய கார் அங்கே நின்றது. கூட ஒரு டிரைவரை அழைத்துக்கொண்டு போனேன். பின்சக்கரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஜாக்கியில் நின்றது. கை வெட்டிய பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு மனிதர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, ஸ்க்ரூ டிரைவரை ஒரு ஓட்டைக்குள் விட்டுத் திருகிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, முதலாளிக்கு வண்டி வெரசா வேணுமாம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக் குடுத்துருங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஜாக்கியைத் தளர்த்தினார். சக்கரம் மெதுவாக இறங்கித் தரையில் உட்கார்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார்ந்து டீயை எடுத்துக்கொண்டார். என்னோடு வந்த டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"அந்த வார்த்தையச் சொன்னா ஜாக்கிய எறக்கிருவாருக்கா. இனி அவரா மனசு வச்சு ஏத்துனாத்தான் உண்டு."

அரைமணி நேரம் நின்றேன். கோபம் கோபமாக வந்தது. டீ முடிந்த பிறகு அவராகத்தான் பேச்சைத் தொடங்கினார்.

"தாயி, என்ன படிச்சிருக்கீக?"

"பி.காம்."

"அப்ப இங்கிலீசு தெரியும். அட்ஜஸ்ட்னா என்ன?"

"விட்டுக்குடுத்துப் போறது."

"நான் இந்தா ட்ரம்முக்குள்ள திருகிக்கிட்டு இருந்தேன்ல, அதுக்கும் அட்ஜஸ்ட்டுன்னுதான் பேரு. நான் யாருக்கு விட்டுக்குடுத்தேன்?"

மறுபடி ஜாக்கியை ஏற்றினார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புக் கிண்ணம்தான் ட்ரம். அதற்குள்ளே லைனிங் என்கிற தேயும் பட்டை ஒட்டிய இரண்டு பிறைகள். பிரேக்கை மிதித்தால் பிறைகள் விரிந்து ட்ரம்மை அழுத்தும், வண்டி நிற்கும். லைனிங் தேயத் தேய ட்ரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடிப்போகும். திருகித் திருகிப் பிறைகளை ட்ரம்முக்குக் கிட்டே கொண்டு வரவேண்டும். உரசினால் சூடேறும், விலகினால் பிடிக்காது. கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். உள்ளே மெலிசாக ஒரு சத்தம், காகிதத்தைக் காகிதத்தில் தேய்த்த மாதிரி.

"இந்தச் சத்தம் இருக்கணும். இதுக்கு மேலயும் இருக்கக் கூடாது, கீழயும் இருக்கக் கூடாது. இதுதான் அட்ஜஸ்ட். நீங்க சொல்றது வேற எதுவோ."

அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடி அவர் பல வருடம் அலைந்திருக்கிறார். ஷெட்டுக்கு வந்த டாக்டரைக் கேட்டார், வக்கீலைக் கேட்டார், இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் வாத்தியார்கள் நாலு பேரைக் கேட்டார். எல்லாரும் என்னைப் போலவே பதில் சொன்னார்கள். கடைசியில், பழைய ஜீப் ஒன்று வைத்திருந்த வயதான ஃபாதர் ஒருவர் பிரேக் பார்க்க வந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அந்தக் கதையை அண்ணன் சொல்லி நான் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் இப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி சொல்வார்.

"ஃபாதர் சொன்னாரு, அது மொதல்ல லத்தீனுல இருந்துச்சாம். யுக்ஸ்டான்னு ஒரு வார்த்த. பக்கத்துலன்னு அர்த்தம். ஒண்ணக் கொண்டாந்து இன்னொண்ணுக்குப் பக்கத்துல சேக்குறது. அங்கருந்து பிரெஞ்சுக்காரன் எடுத்தான், அவங்கிட்டருந்து வெள்ளக்காரன் எடுத்தான். நடுவுல யாரோ படிச்சவன், இது ஜஸ்டிஸ்ல இருந்து வந்துருக்கும் போலன்னு நெனச்சுட்டான். நியாயமாச் சரி பண்றதுன்னு அர்த்தம் ஏறிக்கிச்சு. அது தப்பாம். ஆனா ஒட்டிக்கிருச்சாம்."

"அப்ப எதுண்ணே சரி?"

"நான் ஃபாதர்ட்ட சொன்னேன், சாமி, பிரேக்குக்கு ரெண்டுமே பொருந்துது. கிட்டவும் வரணும், நியாயமாவும் இருக்கணும். சிரிச்சாரு. கடியாரம், தராசு, மிஷினு இதுகளத்தான் ரொம்ப நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டு இருந்தாகளாம். மனுசன் தன்னயவே அட்ஜஸ்ட் பண்ணிக்கிறதெல்லாம் ரொம்பப் பிந்தி வந்துச்சாம். சரி சாமி, பல்லக் கடிச்சுக்கிட்டு வாய மூடிட்டுக் கெடக்குறதுன்னு எப்ப ஆச்சுன்னு கேட்டேன். அது லத்தீன்லயும் இல்ல, பிரெஞ்சுலயும் இல்ல, நம்ம ஊர்ல ஏறுனதுன்னுட்டாரு."

"நம்ம ஊர்லன்னா?"

"வத்தலக்குண்டுல லாரி ஏறி மேல வந்துருக்கும்" என்று சொல்லிவிட்டு, தானே சிரித்துக்கொள்வார்.

அன்றிலிருந்துதான் ஜாக்கியை இறக்கும் வழக்கம். ஷெட்டுக்கு முன்னால் தகரத்தில் சிவப்பு பெயின்டில் எழுதியும் வைத்திருந்தார்: பிரேக் அட்ஜஸ்ட் செய்து தரப்படும். நாங்கள் அட்ஜஸ்ட் செய்துகொள்ள மாட்டோம். இதைப் போட்டோ எடுத்துப் போட்ட டூரிஸ்டுகள் எத்தனையோ பேர். அவருக்கு அது வேடிக்கை இல்லை.

இன்னொரு வழக்கம் உண்டு. எல்லாரும் பயந்தது அதற்குத்தான். வேலை முடிந்ததும் சாவியை நீட்ட மாட்டார். வண்டியை எடுக்க யார் வந்தாரோ அவர் முன் சீட்டில் ஏறி உட்கார வேண்டும். முதலாளியானாலும் சரி, முதலாளியின் மச்சினனானாலும் சரி. அவரே ஓட்டுவார். ஷெட்டை விட்டுக் கிளம்பி, இறக்கத்தில் வேகம் பிடித்து, வளைவுக்கு முன்னால் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு பிரேக்கை மிதிப்பார். வண்டி இடது பக்கமும் இழுக்காமல் வலது பக்கமும் இழுக்காமல் கோடு போட்ட மாதிரி நிற்க வேண்டும். முதலாளியின் காரில் அன்றைக்கு நான்தான் உட்கார்ந்தேன். எதிரே பள்ளமும் மூடுபனியும். நான் போட்ட கூச்சலைக் கேட்டு ரோட்டோரத்தில் பிளம்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"கத்துனீகள்ல, இனிமே யாருக்கும் அவசரத்துல வண்டிய அனுப்ப மாட்டீக" என்றார். முகத்தில் கொஞ்சங்கூட வருத்தம் இல்லை. ஒரு வாரம் அவர்மேல் எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஆனால் போனில் "பிள்ளைகளை மடியில் வைத்து" என்று சொல்ல வரும்போதெல்லாம் அந்த வளைவு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

மகள் விஷயத்திலும் அவர் இப்படித்தான் இருந்தார் என்று கேள்விப்பட்டேன். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். மகள் மனம் வெறுத்துத் திரும்பி வந்தபோது, சமாதானம் பேச இரண்டு காரில் ஆள் வந்திருக்கிறது. பெரிய மனிதர் ஒருவர், பொம்பளப் பிள்ளைதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும் என்று ஆரம்பித்தாராம். இவர் குறுக்கே பேசியிருக்கிறார். "ஒரு சக்கரத்துல மட்டும் லைனிங் பிடிச்சு, இன்னொண்ணுல பிடிக்கலைன்னா என்னாகும் தெரியும்ல மாமா? வண்டி நிக்காது. ஒரு பக்கமா இழுத்துட்டுப் போயிப் பள்ளத்துல விடும். மாப்பிள்ளையும் வரட்டும், ரெண்டு பேரும் கிட்ட வரட்டும். அதுவரைக்கும் எம்மக இங்கதான் இருக்கும்." இரண்டு காரும் காப்பி குடிக்காமல் திரும்பிப் போயின. மாப்பிள்ளை ரெண்டு மாதம் கழித்துத் தனியாக பஸ்ஸில் வந்தார். இப்போது அவர்கள் தனிக்குடித்தனம்.

இதையெல்லாம் கேட்டு அவரை நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது உண்மை. அந்த ஆட்டத்தை நிறுத்தியது அவர் மனைவி. மலைப்பூண்டு வாங்க ஒரு தடவை பேத்துப்பாறைக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்கு முன்னால் சாணி மெழுகிய களத்தில் பூண்டு காய்ந்துகொண்டிருந்தது. அக்கா தாளோடு சேர்த்துப் பூண்டைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டே பேசினார்.

"அவரப் பத்தி ஊரே பெருமையாப் பேசுது. பேசட்டும். டீயில சீனி ஒரு கரண்டி கூடுனா குடிக்க மாட்டாரு. சொந்தக்காரன் கல்யாணத்துல பந்தியில நாலு பேர நெருக்கி உக்கார வச்சா எந்திரிச்சு வந்துருவாரு. மொறைக்காரங்ககிட்ட யாரு போயிச் சமாளிக்கிறது? நான்தான். ஒருத்தர் அட்ஜஸ்ட் பண்ண மாட்டேன்னு நின்னா, அவரு பங்கையும் சேத்து இன்னொருத்தி பண்ணணும் தாயி. அத எந்தத் தகரத்துல எழுதி வக்கிறது?"

நான் அதற்குப் பிறகு அந்தத் தகர போர்டைப் பார்த்து முன்போல் சிரித்ததில்லை.

இனி அந்த மே மாதத்துக்கு வருகிறேன். சீசன் உச்சத்தில் இருந்தது. ஈ-பாஸ் எடுத்து மேலே ஏறிய வண்டிகள் ஏரியைச் சுற்றி நகர முடியாமல் நின்றன. ஈரோட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம், பெரியவர் சிறியவர் சேர்த்துப் பதினேழு பேர், எங்கள் வேனில் ஊர் சுற்றிவிட்டு அன்று மூன்று மணிக்குப் பழனிக்கு இறங்க வேண்டும். மறுநாள் காலை அங்கே அவர்கள் வீட்டுக் குழந்தைக்குக் காது குத்து. வேன் டிரைவர் முந்தின நாள் பூம்பாறையிலிருந்து வரும்போது, டீசல் மிச்சமாகும் என்று இறக்கம் முழுவதும் நியூட்ரலில் போட்டு பிரேக்கிலேயே இறக்கியிருக்கிறான். எங்கள் மலையில் டிரைவர்கள் பண்ணுகிற பெரிய தப்பு இதுதான். பண்ணாதவர்கள் குறைவு, ஒப்புக்கொள்கிறவர்கள் யாருமே இல்லை. கருகின வாசனை வந்த பிறகு பயந்துபோய், கிளம்ப வேண்டிய அன்று மதியம் வேனைக் கொண்டுவந்து அண்ணன் ஷெட்டில் விட்டுவிட்டான்.

"போயிக் கையோட எடுத்துட்டு வா" என்று முதலாளி என்னை அனுப்பினார்.

போனேன். பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்றி, ட்ரம்மை ஒரு சாக்கின்மேல் வைத்திருந்தார். டிரைவர் தூரத்தில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"கையக் குடு தாயி." என் ஆள்காட்டி விரலைப் பிடித்து ட்ரம்மின் உள்பக்கம் வைத்து இழுத்தார். வழவழவென்று போய்க்கொண்டிருந்த இடத்தில் நகம் சடக்கென்று மாட்டியது. மறுபடி இழுத்தார், மறுபடி மாட்டியது. கண்ணுக்கு ஒரு தலைமுடி கிடப்பது மாதிரிதான் தெரிந்தது. ஸ்பேனரால் தட்டிக் காட்டினார். நல்ல ட்ரம் மணி மாதிரி கணீரென்று கேட்கும். இது பொத்தென்று கேட்டது.

"சூட்டுல விரிசல் விட்டுருச்சு. இதுல லைனிங்க எவ்வளவு கிட்டக் கொண்டாந்தாலும் புண்ணியமில்ல. அழுத்தி மிதிச்சா ரெண்டாப் போயிரும். மதுரைக்குச் சொல்லிட்டேன். நாளைக்கு வெள்ளனே மொத பஸ்ல புது ட்ரம் வந்துரும். ஒம்பது மணிக்கு வண்டியத் தாரேன்."

"ஒம்பது மணிக்கு அங்க காது குத்தியே முடிச்சிருப்பாங்கண்ணே."

"பஸ்ல போகச் சொல்லு. பழனிக்குப் பஸ் இல்லாத ஊரா இது?"

போனில் முதலாளியிடம் சொன்னேன். பத்து நிமிடத்தில் அவரே வந்துவிட்டார். அவர் கத்துகிற ஆள் இல்லை. என் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது தன் காரில் தானே மதுரை ஆஸ்பத்திரிவரை ஓட்டிக்கொண்டு போனவர். ஷெட் நின்ற இடமும் அவருடையதுதான். அண்ணனிடம் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"என்னண்ணே, லேசாக் கீறல் விழுந்திருக்காமே?"

"கீறல்னா மேலோட இருக்கும். இது உள்ள எறங்கிருச்சு."

"இன்னைக்கு ஒரு நாள் மாட்டி விடுங்க. மெதுவாப் போகச் சொல்றேன். திரும்பி வந்ததும் புதுசு மாட்டிக்குவோம். சீசன் நேரம், வேற வண்டியும் இல்ல, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கண்ணே."

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, மாட்டுறேன். நானே ஓட்டுறேன். நீங்க முன்னாடி ஏறுங்க. பழனி ரோட்டுல வடகவுஞ்சி வரைக்கும் எறங்கிப் பாப்போம். நின்னுச்சுன்னா வண்டிய எடுத்துக்கங்க."

முதலாளி சிரித்தார். போனை எடுத்துப் பார்த்தார். "எனக்கு ஆபீஸ்ல ஆளு காத்துக்கிட்டு இருக்கு."

"போயிட்டுச் சட்டுனு வந்துரலாம்."

"நான் எதுக்கு ஏறணும்?"

"பதினேழு பேரு எதுக்கு ஏறணும்?"

முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. இனி மரியாதை வேலைக்கு ஆகாது என்று தெரிந்துகொண்டார்.

"சரி, நீங்க பாக்க வேணாம். மூஞ்சிக்கல் பஜார்ல வேற மெக்கானிக் இருக்கான், வந்து அப்படியே மாட்டி விட்டுருவான். அப்புறம், இது யாரு எடம்ங்கிறதயும் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க." போனைக் காதில் வைத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போனார்.

அண்ணன் உள்ளே போய் ஒரு சம்மட்டியோடு வந்தார். முதல் அடிக்குச் சாக்கோடு சேர்ந்து ட்ரம் துள்ளியது. இரண்டாவது அடிக்கு என் காது அடைத்துக்கொண்டது. மூன்றாவது அடிக்கு ட்ரம் இரண்டு துண்டாக விழுந்தது. சம்மட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"இப்ப மாட்டச் சொல்லுங்க."

எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டவில்லை. நான் அந்த முதலாளியிடம் வேலை பார்க்கிறவள்.

அந்தப் பதினேழு பேரும் என்னை வாயில் வந்தபடி திட்டிவிட்டு அரசு பஸ்ஸில் பழனிக்குப் போனார்கள். குழந்தைக்கு நல்லபடியாகக் காது குத்தியாகிவிட்டது. எங்கள் டிராவல்ஸுக்கு இன்டர்நெட்டில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அண்ணனுக்கு வந்த கஷ்டமே அதுதான். ட்ரம் உடையாமல் இருந்து, வேன் கிளம்பிப் போய் ஏதாவது ஆகியிருந்தால் அவர் சொன்னது உண்மை என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஒன்றும் ஆகாததால் நல்ல ட்ரம்மைத் திமிருக்கு உடைத்தவர் என்று ஆகிவிட்டது. உடைந்த துண்டுகளைப் பார்த்தால் பழைய விரிசல் கறுத்துத் தெரியும் என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அந்தத் துண்டுகளை முதலாளி அன்றைக்கே அள்ளிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

பிறகு வேன் உரிமையாளர் சங்கத்தில் புகார் கொடுத்தார். வேண்டுமென்றே வண்டிச் சாமானை உடைக்கிற மெக்கானிக்கிடம் சங்கத்து வேன் எதுவும் போகக் கூடாது என்று தீர்மானம் போட வேண்டுமாம். போட்டால் அண்ணனின் பிழைப்பு அதோடு முடிந்தது. ட்ரம்மில் விரிசல் இருந்ததைப் பார்த்தவர்கள் மூன்று பேர். எனக்கு முன்பே அதைப் பார்த்திருந்த டிரைவர் வாயைத் திறக்க மாட்டான், திறந்தால் நியூட்ரல் விஷயம் வெளியே வந்துவிடும். மிச்சம் அண்ணனும் நானும்.

சங்கம் கூடுவதற்கு முந்தின நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஒன்னப் பொய் சொல்லச் சொல்லலம்மா. நீ அங்க எதயும் கவனிக்கல, அவ்வளவுதான். அம்மாவுக்கு மாத்திரை மருந்தெல்லாம் நாமதான பாத்துக்கிறோம்? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க." அன்பாகத்தான் சொன்னார். அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மூஞ்சிக்கல்லில் ஒரு கடைக்கு மேல் மாடி. இருபது பேர் இருந்தார்கள். வண்டி சம்பந்தப்பட்ட ஃபைலைப் பிடித்துக்கொண்டு முதலாளிக்குப் பின்னால் நான் நின்றேன். அண்ணன் அதே பச்சை ஸ்வெட்டரில், கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. முதலாளி தன் புகாரைச் சொல்லி முடித்தார். தலைவர் பழைய காலத்து வேன்காரர். அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

"விரிசல் இருந்துச்சுங்கிறீங்க. அத நீங்க தவிர வேற யாராச்சும் பாத்தாங்களா?"

டிரைவர் தரையைப் பார்த்தான். அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு தலைவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்ல. நான் மட்டுந்தான் பாத்தேன்."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைக்க மாட்டேன். நான் வாயே திறக்க வேண்டியதில்லை, வேலை தங்கும், அம்மாவுக்கு மருந்து வரும். அடுத்த நொடியே நெஞ்செல்லாம் எரிந்தது. சீனி ஒரு கரண்டி கூடினால் டீயைத் தொடாத மனிதர். மகளுக்காக வந்த இரண்டு காரைக் காப்பி கொடுக்காமல் அனுப்பியவர். ஊரே திரண்டு நின்றாலும் வளையாதவர் எனக்காக வளைந்து, கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுச் சுவரோரமாக நிற்கிறார். என்னைப் பார்த்தால் அப்படிக் காப்பாற்றப்பட வேண்டியவளாகவா அவருக்குத் தெரிகிறது? அந்த அவமானத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"அவரு பொய் சொல்றாருங்க" என்றேன்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. அண்ணன் என்னை வெறித்துப் பார்த்தார்.

"நானும் பாத்தேன். என் நகம் உள்ள மாட்டுச்சு, ரெண்டு தடவ. தட்டுனா சத்தம் பொத்துன்னு வந்துச்சு. மாட்டித் தாரேன், நீங்களும் ஏறுங்கன்னு அவரு சொன்னாரு. முதலாளி ஏற மாட்டேன்னுட்டாரு. அதுக்கப்புறந்தான் ஒடச்சாரு."

சொல்லி முடித்தேன். ஃபைலை முதலாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆளுக்கு ஒரு தடவையாவது அண்ணன் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்து பயந்தவர்கள்தான் அங்கே இருந்த எல்லாரும். தலைவர் தொண்டையைக் கனைத்தார். "சரி விடுங்க, ரெண்டு பேரும் நாளப்பின்ன ஒரே ஊர்ல தொழில் பண்றவுக, கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவர், அண்ணன் நிற்பதைப் பார்த்து அடுத்த சொல்லை முழுங்கிக்கொண்டார். தீர்மானம் கிடையாது என்று அறிவித்தார்.

முதலாளி எழுந்தார். "எடம் என்னோடது. பத்து நாள்ல காலி பண்ணிரணும்" என்று அண்ணனிடம் சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

படியிறங்கி வந்தோம். எதிர்க் கடை வாசலில் அக்கா கவலையோடு உட்கார்ந்திருந்தார். பேத்துப்பாறையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். ரோட்டைத் தாண்டியதுமே அண்ணன் என்மேல் பாய்ந்தார்.

"அத்தன பேரு முன்னாடி என்னயப் பொய்யன்னுட்டியே!"

"சொன்னது பொய்தானண்ணே?"

"ஒன் வேலைக்காகத்தான சொன்னேன், கூறுகெட்ட புள்ள! இனிமே சோத்துக்கு என்ன பண்ணுவ?"

"எனக்காகப் பொய் சொல்லுங்கன்னு நான் ஒங்கள்ட்ட கேட்டனா?"

அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஷெட் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு, மாடியில் நடந்ததையெல்லாம் நான் சொன்னேன். கேட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"கட்டிக்கிட்ட நாள்லருந்து இன்னைக்குத்தான் மனுசன் ஒரு தடவ வளைஞ்சிருக்காரு. அதயும் நிமித்திட்டியா தாயி?"

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஷெட் போய்விட்டது என்பதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று காலால் ரோட்டுக் கல்லை நகர்த்திக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எடத்தக் காலி பண்ணச் சொல்லிட்டான். நம்ம வீட்டு முன்னாடி களத்துல ஒரு ஓரமா ஜாக்கியப் போட்டுக்கிறேன். கொஞ்ச நாளைக்குத்தான். நீ மட்டும் பூண்ட வேற எங்கயாச்சும் காயப்போட்டு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டின்னா..."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்திருக்கிறது. வாய் திறந்தபடி நின்றார்.

அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு போயிருந்தது, கோபமும் இல்லை.

"முடியாது" என்றார். "அது பூடு காயிற எடம். ஆயிலு பட்டா ஒரு பய வாங்க மாட்டான். ஒங்களுக்கு வேற எடம் பாப்போம், நானும் கூட வாரேன். களத்தக் கேக்காதீங்க."

அண்ணன் அவரைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது. அத்தனை வருடத்தில் முதல் தடவையாகத் தன் மனைவியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "நியாயந்தான்" என்றார்.

அப்போதே பெருமாள்மலைக்குப் பஸ் ஏறினோம், ரோட்டோரமாக இடம் கிடைக்குமா என்று பார்க்க. மூன்று பேருக்கும் அன்றைக்கு வேறு சோலி இல்லை. எனக்கு வேலை போயிருந்தது. அவருக்கு ஷெட் போயிருந்தது. அக்காவுக்குக் களம் இருந்தது.